ரசீது எண் ஒன்று

நான் எழுதிய புரோகிராம்களிலேயே உருப்படாதது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒரு சின்னக் கட்டத்துக்குள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த ஒரு டிக். போட்டது நான். எடுக்க மறந்ததும் நான். அந்த டிக்கால் என் கூட்டாளி தாகிர் பட்ட பாட்டையும் அது முடிந்த விதத்தையும் கேட்டால், நல்லவேளை மறந்தாய் என்று நீங்களே சொல்வீர்கள்.

அபூதாகிரும் நானும் ஒரு பெரிய கம்பெனியில் ஏழு வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ வெளிநாட்டுக்காரர்களின் இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்காக மாரடித்தவர்கள். ஒவ்வொரு ரமலானிலும் அவன் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். வசதியுள்ள முஸ்லிம்கள் தங்கள் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அதுதான் ஜகாத். கொடுப்பதில் அவனுக்குக் கஷ்டமே இல்லை, கணக்கில்தான் கஷ்டம். பேங்கில் இருப்பது, கையில் இருப்பது, யாருக்கோ கொடுத்துத் திரும்பி வராத கைமாற்று என்று எல்லாவற்றையும் கேன்டீன் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கூட்டுவான். கொடுத்தும் விடுவான். அப்புறம், குறைத்துக் கொடுத்துவிட்டேனோ என்று பெருநாள் வரைக்கும் என் காதருகே புலம்புவான். தாங்க முடியாமல் ஒருநாள், இதற்கு ஒரு ஆப் செய்துதான் தொலையேன் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுமாதமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். எனக்கும் மானேஜரோடு ஏழாம் பொருத்தம் என்பதால் நானும் விட்டேன்.

சேலையூர் கேம்ப் ரோடை ஒட்டிய தெருவில் எங்கள் வீட்டு மாடியறைதான் ஆபீஸ். அப்பா சத்யநாராயணன் வாடகை வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, தினமும் நான்கு மணிக்கு மேலே வந்து, எப்போது லாபம் வரும் என்று கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டார்.

ஆப்புக்குத் தாகிர் வைத்த பெயர் 'நிய்யத்'. ஒரு காரியத்தைச் செய்யுமுன் மனதில் வைக்கும் எண்ணம் என்று பொருள். பெயர் நன்றாக இருந்தது. வேலைதான் முழி பிதுங்க வைத்தது. ஒரு வருடம் என்றால் முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று எழுதிவிட்டேன். பிறைக் கணக்கில் பதினொரு நாள் குறையும் என்று சொல்லி, அத்தனையையும் திருத்த வைத்தான். நகை விஷயத்தில் இன்னும் மோசம். தாகிர் கம்பம் பக்கத்துக்காரன், ஹனபி வழி. போட்டிருக்கும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பது அவர்கள் சட்டம். அவன் மனைவி ஜைனப் காயல்பட்டினம், ஷாபி வழி. கழுத்தில் போட்டுக்கொள்ளும் நகைக்குக் கிடையாது என்பது அவர்கள் சட்டம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இட்லி சாப்பிடுகிறார்கள். ஆக, ஆப் முதலில் கேட்கும் கேள்வியே, நீங்கள் எந்த வழி என்பதுதான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். நாற்பத்தோராவது விதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணவன் மனைவிக்கு ஜகாத் கொடுக்க முடியாது, ஏனென்றால் அவளுக்குச் சோறு போடுவது அவன் கடமை. ஆனால் மனைவியின் பணம் மனைவியுடையது. கணவன் ஏழையாகவோ கடனாளியாகவோ இருந்தால் அவள் அவனுக்குக் கொடுக்கலாம், ஷாபி வழியில் அது நல்ல காரியமும்கூட. அதையும் எழுதிவிட்டு, இந்த விதி யாருக்கும் ஒருநாளும் பயன்படப் போவதில்லை என்று எனக்காகப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டு வைத்தேன்.

நான் பிடிவாதமாக நின்றது ஒரே விஷயத்தில்தான். கொடுப்பவர் பெயர் வாங்குபவருக்குத் தெரியக் கூடாது, வாங்குபவர் பெயர் கொடுப்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். கழுத்தளவு தண்ணீரிலிருந்து தப்பி வந்து வரிசையில் நின்ற எனக்கு ஒரு போர்வையைக் கொடுத்தவர், அதை உடனே விடவில்லை. போட்டோ எடுத்து முடிக்கும் வரை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அவரை இன்றைக்குப் பார்த்தாலும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். அதனால் எங்கள் ஆப்பில் எண் மட்டும்தான். உதவி வேண்டுவோரின் கடன், வருமானம், குடும்ப விவரம் ஆகியவற்றைப் பெயரில்லாமல் ஹஜ்ரத் பார்ப்பார், சரி என்றால் பட்டியலில் சேர்ப்பார். கொடுப்பவர் அந்த விவரங்களைப் படித்து, தான் விரும்பும் எண்ணுக்குக் கொடுக்கலாம். ஒரு பெயரைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் தாகிரும் நானும் சேர்ந்து இரண்டு கடவுச்சொல் போட வேண்டும்.

தாகிருக்கு இருந்தது ஒரே ஆசை. நிய்யத்தின் முதல் ஜகாத் தன்னுடையதாக இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, பைசா பிசகாத கணக்கோடு கொடுத்து, ரசீது எண் ஒன்றை வாங்க வேண்டும். அதை பிரேம் போட்டு மாட்டுவதற்காக என் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஆணியும் அடித்துவிட்டான். நான்கு மாதமாக அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ரமலான் பிறந்து ஐந்தாம் நோன்பு, திங்கட்கிழமை. அன்றிலிருந்து கணக்கைப் பதியலாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பணம் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தோம். காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, முதல் ஆளாகத் தன் கணக்கைப் பதிந்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். வேலை இல்லை. மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். பேங்கில் எண்பத்து நான்காயிரம். நகை இல்லை. கடன் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவன் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று அடித்தான்.

ஆப் ஒரு சுற்று சுற்றிவிட்டு, 'இந்த ஆண்டு உங்கள் மீது ஜகாத் கடமையில்லை' என்றது. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னும் என்னவோ இருந்தது. தாகிர் அதைப் படிக்கவில்லை. 'சரி' என்ற பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினான்.

நாங்கள் வாங்கிய சர்வருக்கும் மற்றதற்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் முதலீடு செய்திருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தான். அப்படி ஒருவரும் இல்லை. பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும்தான் அந்தக் கோயம்புத்தூர்க்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கீழே தள்ளியிருக்கலாம். முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

"ஒரே ஒரு லைன் மாத்தினா போதும், தாகிர். நூறு ரூபா கடமைன்னு காட்டும். ரசீது ஒண்ணு உனக்குத்தான் வரும்."

"கணக்கு சரியா இருக்கணும்னுதானே வேலைய விட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் ஆணியைப் பார்த்தான். "ஜைனப்கிட்ட சொல்லிடாத. அவளுக்கும் கோயம்புத்தூர்க் கதைதான் சொல்லி வெச்சிருக்கேன். அந்த ஆளு நல்லா இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டுட்டு இருக்கா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கீழே போய், நோன்பில்லாத நான் ஒருத்தி மட்டும் காபி குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நூற்று முப்பது பேர் கணக்குப் பதிந்துவிட்டார்கள். ஊரப்பாக்கத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தது. ஹஜ்ரத் இருபத்து மூன்று எண்களைச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றியிருந்தார். தொழுகை முடிந்து தாகிர் வந்தான். அப்பாவும், இரண்டு மணிக்கே லாபம் வந்துவிடுமோ என்ற சந்தேகத்தில் மேலே வந்து உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு ஆப்பில் பணம் கொடுக்கும் பக்கத்தைத் திறந்துவிட்டோம்.

இரண்டு நான்குக்குத் திரையில் ஒரு பச்சை வரி எழுந்தது. ரசீது எண் ஒன்று. பெறுபவர் எண் பதினேழு. ஆறாயிரம் ரூபாய்.

தாகிர்தான் முதலில் கை தட்டினான். எனக்குத் தெரியும், அவனுக்கு வலித்திருக்கும். ஆனாலும் மனசாரத்தான் தட்டினான். யாரோ ஒருத்தர் சரியாக் கொடுத்துட்டார் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தான். மறுபடி படித்தான். என் பக்கம் நீட்டினான். அவன் கணக்கில் ஆறாயிரம் ரூபாய் வரவு. அனுப்பியது: நிய்யத், ஜகாத்.

திங்கட்கிழமை அவன் படிக்காமல் விட்ட சின்ன எழுத்து என்ன என்று எனக்கல்லவா தெரியும். 'நீங்கள் ஜகாத் பெறத் தகுதியுள்ளவராக இருக்கலாம். என் விவரங்களைப் பெயரில்லாமல் பட்டியலில் சேர்க்கவும்.' அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். சோதனைக்காக நான் போட்டு வைத்து, எடுக்க மறந்த டிக். பதினேழாம் எண் கடனாளி, ஆப்பைக் கட்டிய முதலாளியேதான்.

"நான் டிக் பண்ணவே இல்லையே" என்றான்.

"நான் பண்ணி வெச்சிருந்தேன்" என்றேன். அப்பா சத்தமில்லாமல் எழுந்து கீழே போய்விட்டார்.

கொடுக்க ஆசைப்பட்டவன் வாங்கிவிட்டான். நோன்பு வைத்திருந்ததால் என்னைத் திட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஹஜ்ரத்துக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றான். ஸ்பீக்கரில் அவர் சாவகாசமாக, பதிந்த கணக்கில் பொய் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். கடன் உண்மைதானே என்றார். உண்மைதான் என்றான். அப்படியானால் அது உங்கள் பணம், கொடுத்தவருடைய கடமையும் நிறைவேறிவிட்டது, திருப்பி அனுப்பி அவரை ஏன் குழப்புகிறீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தாகிருக்கு மனம் ஆறவில்லை. கொடுத்தவர் யாரென்று பார்த்து நேரில் மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்றான். நான் என் கடவுச்சொல்லைப் போட்டேன். அவனும் பாதி வரை அடித்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"வேணாம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் கொடுத்திருக்காங்க."

அன்று நோன்பு திறக்க அவர்கள் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இருவரும் தனித்தனி வண்டியில் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூரைக் கடப்பதென்றால் சும்மாவா? சொந்த ஊர் போகிற பஸ்ஸெல்லாம் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். இரண்டு பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தாகிரைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் எனக்கே பாவமாக இருந்தது.

பாங்கு சொல்ல மூன்று நிமிடம் இருக்கும்போது மாடியேறினோம். ஜைனப் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, அவள் கைப்பட்ட வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவள் அவிக்கும் அந்த இனிப்புக்கு அந்தப் பக்கத்துப் புது அபார்ட்மென்ட்களில் ஏக கிராக்கி. மூன்று வருடமாக ஆர்டர் எடுத்து, தன் பெயரில் தனிக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். அந்தப் பணத்தைத் தாகிர் தொட்டதே இல்லை, எவ்வளவு என்று கேட்டதும் இல்லை.

நோன்பு திறந்து, அவர்கள் தொழுது முடித்தபின், பாத்திரம் எடுத்து வைக்கிற சாக்கில் ஜைனப் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். அப்புறம் போனை எடுத்துக் காட்டினாள். திரையில் பச்சை நிறத்தில் ரசீது. எண் ஒன்று.

"இப்ப என்னக்கா பண்றது? மச்சான் முதல்ல போட்டிருப்பாருன்னு நினைச்சு நாலு நிமிஷம் லேட்டாத்தான் போட்டேன். எனக்கு ஒண்ணுன்னு வந்துடுச்சு. ஆணியெல்லாம் அடிச்சு வெச்சிருக்காரே, மனசு உடைஞ்சிடுவாருல்ல?"

கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தேன். ஏன் பதினேழாம் எண்ணுக்குக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"இருபத்து மூணு பேர் இருந்தாங்க. இவரத் தாண்டிப் போக முடியலக்கா. வேலையில்ல, பொண்டாட்டி, நாலு வயசுல ஒரு பொண்ணு, நம்ம வீடு மாதிரியே. மூணு லட்சத்துக்கு மேல கடன். இந்த மனுஷன் வீட்டுல சொல்லியிருக்கவே மாட்டாருன்னு தோணிச்சு. அந்தப் பொண்டாட்டி ஒண்ணும் தெரியாம சிரிச்சிட்டு உக்காந்திருப்பா. அவள நினைச்சுத்தான் கொடுத்தேன்."

திரும்பிப் பார்த்தால், கையில் கஞ்சிக் கிண்ணங்களோடு தாகிர் வாசற்படியில் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது.

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பணம் வந்தது அவளுக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ஹஜ்ரத் சொல்ல மாட்டார், நான் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர்க்காரரும் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருப்பார். சொன்னால் நான்கு மாதப் பொய்யும் வெளியே வரும். தாகிர் கிண்ணங்களை மேடையில் வைத்தான்.

"சொல்லல, ஜைனப்."

"என்ன மச்சான்?"

"அந்த மனுஷன் வீட்டுல சொல்லல" என்று சொல்லி, தன் போனை அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். இதில் ஆறாயிரம், அதிலும் ஆறாயிரம். இதில் இரண்டு நான்கு, அதிலும் இரண்டு நான்கு. திரும்பத் திரும்ப இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் வட்டிலப்பக் கிண்ணத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"மூணு லட்சமா?"

"மூணு லட்சத்துப் பன்னண்டாயிரம்."

"அப்ப அந்தக் கோயம்புத்தூர்க்காரர்?"

"அப்படி யாருமே இல்ல."

ஜைனப் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நான் பதறிப்போய்க் கிட்டே போனால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. இரண்டும் ஒன்றாக வந்தது.

"நாலு மாசமா இல்லாத ஆளுக்கு துஆ கேட்டிருக்கேன். அவரு பிள்ளைங்க நல்லாப் படிக்கணும்னுகூடக் கேட்டேன்" என்று சொல்லி, எட்டிய இடத்தில் அவன் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். வலித்திருக்கும், அவ்வளவு சுறுக்கென்று விழுந்தது.

தாகிரும் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி எதையும் மறைக்க மாட்டேன் என்றான். அப்போதும் அவன் புத்தி கணக்கிலேயே நின்றது. மனைவி கொடுத்தது கணவனுக்கு வந்திருக்கிறதே, அது செல்லுமா, பாவம் அவள் மறுபடி கொடுக்க வேண்டியிருக்குமா என்று கவலைப்பட ஆரம்பித்தான்.

"செல்லும்" என்றேன் நான். "கொடுத்தவங்க ஷாபி. வாங்கினவன் கடனாளி. நாப்பத்தோராவது விதி, நானே எழுதியிருக்கேன்."

சேலையூர் சத்யநாராயணன் மகள் சமையலறையில் நின்று மார்க்கத் தீர்ப்பு சொல்வதைக் கேட்டு ஜைனப்புக்கு இன்னொரு சுற்று சிரிப்பு வந்தது. தாகிர் நம்பாமல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டான். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, அந்தம்மா சொன்னது சரிதான், கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒரே வீட்டில் இருக்கிறதே, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் என்று சொன்னார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது.

அதற்கப்புறம் ஜைனப் ஆட்சிதான். கடனாளிக்கு என்று நிய்யத் வைத்துக் கொடுத்த பணம், அதனால் கடனுக்குத்தான் போக வேண்டும் என்று, அங்கேயே உட்கார வைத்து ஆறாயிரத்தையும் கிரெடிட் கார்டுக்குக் கட்ட வைத்தாள். தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் வட்டியில்லாமல் தருவதாகவும், அதைத் திருப்பித் தராவிட்டால் என்னைச் சாட்சியாக வைத்துக் கேட்பதாகவும் சொன்னாள். மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அடுத்த ரமலானுக்குள் நீங்கள் கொடுக்கிற ஆளாக வேண்டும் மச்சான் என்றாள். தாகிர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் ஏழு வருடத்தில் பார்த்ததில்லை. எனக்கு இரண்டாவது கிண்ணம் வட்டிலப்பம் கிடைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். நான் திரும்புவதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. தாகிர் ஆணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டிருந்தான். கையில் பிரேம் போட்ட ரசீது. கொடுத்தவர் பெயர் இல்லை, பெறுபவர் பெயர் இல்லை. எண் ஒன்று, ஆறாயிரம் ரூபாய், தேதி, நேரம், அவ்வளவுதான்.

இப்போது ஆபீசுக்கு ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, இது உங்களோடதா சார் என்று கேட்கிறார்கள். தாகிர் கூசாமல் ஆமாம் என்கிறான். நான் திரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை.